எனக்கு உதவ வந்த பிள்ளைக்கு உடுப்பு மினுக்கிய கோடை

1. பெயர் வைத்த கதை

என் முழுப்பெயர் யேசுதாசன். இத்தாலியில், பலெர்மோ நகரில், வீட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் வீட்டுக்கார அம்மாவான சிஞோரா அதைச் சுருக்கி "ஜேசு" என்று இரண்டு தரம் கூப்பிட்டுப் பார்த்தார். யேசுவைக் கூப்பிட்டுக் கழிப்பறை கழுவச் சொல்வது பாவம் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மத்தியானத்துக்குள் நான் மாரியோ ஆகிவிட்டேன். இவ்வளவு தெய்வ பயம் உள்ள வீட்டில் வேலை கிடைத்ததே பாக்கியம் என்று நினைத்துக்கொண்டேன்.

இது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீடு வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால், மூன்றாம் மாடியில். லிஃப்ட் இருந்தது. அதில் சிஞோராவும் அவருடைய நாயும் போவார்கள். நான் படியில் ஏறுவேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கடிதம். "இவர் என் வீட்டில் வேலை செய்கிறார்" என்று எழுதிச் சிஞோரா கையெழுத்து வைக்க வேண்டும். அதைக் குவெஸ்தூராவில், அதாவது பொலிஸ் கந்தோரில், கொடுத்தால்தான் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிப்பார்கள். அது கையில் இருந்தால்தான் மன்னாரில் இருக்கும் என் மனைவி ரீற்றாவைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். கல்யாணம் முடித்து மூன்றாம் மாதம் பிரிந்தவர்கள் நாங்கள். நான்கு வருடமாகிவிட்டது. என் பெர்மெஸ்ஸோ செப்டெம்பர் முதல் வெள்ளிக்கிழமையோடு முடிகிறது.

சிஞோரா ஒருநாளும் மறுத்ததில்லை. "தொமானி, மாரியோ, தொமானி" என்பார். தொமானி என்றால் நாளை. கடிதம் கொடுத்தால் நான் அங்கே வேலை செய்வது அரசாங்கத்துக்குத் தெரிந்துவிடும், வரி கட்ட வேண்டிவரும். அதுவரை அரசாங்கத்தின் கணக்கில் அந்த வீடு தானாகவே கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தது.

2. தொண்டர் வருகிறார்

ஜூலையில் நூரியா வந்தார். ஸ்பெயினில் ஒரு சின்ன ஊரைச் சேர்ந்தவர். சிஞோராவின் சிநேகிதியின் மகள். இருபத்தொரு வயது. நகரின் அல்பெர்கேரியா பகுதியில் உள்ள பங்குக் கோயிலில், வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைகளுக்குக் கோடைகாலம் முழுவதும் தொண்டு செய்ய வந்திருந்தார். தங்கியது சிஞோரா வீட்டில்.

ஆகவே என் வேலை கூடியது. காலையில் அவருக்குக் கோப்பி போடுவேன். கட்டிலைச் சரிசெய்வேன். உடுப்புத் தோய்த்து, இஸ்திரிப் பெட்டியால் மினுக்கி வைப்பேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு எங்களுக்கு உதவி செய்யப் போவார். எனக்குக் கூச்ச சுபாவம். ஒரு பெண்பிள்ளையின் பாவாடையை மடிக்கும்போது சுவரைப் பார்த்துக்கொண்டே மடிப்பேன். மடிப்புக் கோணலாக வரும்.

என் அறைத்தோழர் செபஸ்தியான் அண்ணைக்கு இது பெரிய விருந்து.

"டேய் தாசன், உனக்கு உதவி செய்ய வந்த பிள்ளைக்கு நீ உடுப்பு மினுக்கிறியாம்?"

"ஓம் அண்ணை."

"அப்ப நல்லா மினுக்கு. கசங்கின சட்டையோட வந்தா எங்கட கஷ்டம் அவவுக்கு விளங்காது."

நூரியா நல்ல பிள்ளை, அதையும் சொல்ல வேண்டும். நான் பாஸ்தா பரிமாறும்போது அவர் தன் ஊர்க் கோடைத் திருவிழாக்களைப் பற்றிக் கதைப்பார். தெருவில் நீளமாக மேசை போட்டு ஊரே சேர்ந்து சாப்பிடுமாம். பிறகு காளைகளை அவிழ்த்துவிட்டு அவற்றின் முன்னால் ஆட்கள் ஓடுவார்களாம்.

"ஏன் ஓடுறவை?" என்று கேட்டேன்.

"சந்தோஷத்துக்குத்தான், மாரியோ! உங்கட ஊரிலை அப்படி ஓட மாட்டீங்களோ?"

நாங்களும் ஓடியிருக்கிறோம். அது திருவிழா என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

3. வியாழக்கிழமை பத்து மணி

கோயிலில் நூரியா ஓர் உதவி மேசை நடத்தினார். பத்திரம் நிரப்புவது, கடிதம் எழுதுவது எல்லாம் அங்கே இலவசம். ஒருநாள் துணிந்து, சலாட் கோப்பையை வைக்கும்போது கேட்டேன்.

"சிஞோரீனா, எனக்கொரு கடிதம் வேணும்."

"வீட்டிலை வேண்டாம், மாரியோ. எல்லாருக்கும் ஒரே முறை. வியாழக்கிழமை பத்து மணிக்கு மேசைக்கு வாங்கோ."

வியாழக்கிழமை பத்து மணிக்கு நான் அவருடைய சட்டைகளை மினுக்கிக்கொண்டிருப்பேன். ஆனாலும் முறை முறைதானே. சிஞோராவிடம் கத்தரிக்காய் வாங்கப் போறன் என்று சொல்லிவிட்டு ஓடினேன். முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றேன். முறை வந்ததும் நூரியா என்னை முன்பின் பார்த்திராதவர்போல் கைகொடுத்து வரவேற்றார். பேனாவை எடுத்தார்.

"பெயர்?"

"யேசுதாசன்."

நிமிர்ந்து பார்த்தார். "மாரியோ இல்லையோ?"

"அது வேலை நேரத்திலை."

"வேலை செய்யிற இடம்?"

"நீங்கள் இருக்கிற வீடு."

"கடிதம் தர வேண்டிய ஆள்?"

"நீங்கள் இருக்கிற வீட்டுச் சிஞோரா."

பேனா நின்றது. நூரியாவின் முகம் சிவந்தது. சிஞோரா தன் தாயின் சிநேகிதி, தான் அங்கே விருந்தாளி, இது கொஞ்சம் சிக்கலான விஷயம் என்று மெல்லிய குரலில் விளக்கினார். எங்கள் துன்பங்களைத் தீர்க்க ஸ்பெயினிலிருந்து வந்தவருக்கு நான் ஒரு துன்பமாகிவிட்டேன். அச்சடித்த கடிதப் படிவத்தில் என் விபரங்களை எழுதி, கையெழுத்து இடத்தை மட்டும் வெறுமையாக விட்டு, தன் பைக்குள் வைத்தார்.

"யோசிப்பம், மாரியோ. அதுவரைக்கும், கோயிலிலை கோடை விழா வருகுது. உங்கட பலகாரம் செய்து தருவீங்களோ? தொண்டராக?"

சம்பளம் இல்லாமல் வேலை செய்வதற்கு இப்படி ஒரு நல்ல பெயர் இருப்பது அன்றுதான் தெரிந்தது.

4. வடையும் மைக்கும்

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு, பின்நேரம். கோயில் முற்றத்தில் நாட்டுக்கொரு மேசை. நூரியா எனக்குத் தலைப்பாகை கட்டப் பார்த்தார். எங்கள் பகுதியில் கட்டுவதில்லை என்றேன். "பரவாயில்லை, வடிவாயிருக்கும்" என்றார். தலைப்பாகையோடு வடை சுட்டேன். முன்வரிசையில் சிஞோரா சிநேகிதிகளுடன் இருந்தார். நாற்காலிகள் அவருடைய அன்பளிப்பு.

நூரியா ஒரு தாளைக் கொடுத்து, மேடையில் வாசிக்கச் சொன்னார். அவரே எழுதிய என் பேச்சு. நான் சமுத்திரத்தையும் நிறங்களையும் கொண்டுவந்திருப்பதாக அதில் இருந்ததாம். பிறகுதான் தெரியும். மேடையில் நின்றபோது அந்தக் கூட்டெழுத்தில் ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை. கால் நடுங்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது எனக்குப் பிழையில்லாமல் வந்த இத்தாலிய வசனம் ஒன்றுதான். சிஞோராவிடம் சொல்வதற்காக ஒரு மாதமாகத் தினமும் மூன்று மாடிப் படியிலும் சொல்லிப் பழகி, கதவு திறந்ததும் விழுங்கிவிடுகிற வசனம். அது மைக்கில் வந்துவிட்டது.

"சிஞோரா, தயவுசெய்து, குவெஸ்தூராவுக்கு எனக்கு அந்தக் கடிதம் வெள்ளிக்கிழமைக்கு முதல் வேணும்."

பங்குச் சுவாமி வயதானவர், காது கொஞ்சம் மந்தம், ஒளிவு மறைவு தெரியாதவர். "எந்தச் சிஞோரா, மகன்?" என்று சத்தமாகக் கேட்டார்.

விரல் நீட்டுவது மரியாதை இல்லை. விருந்தாளிக்கு இருக்கை காட்டுவதுபோல் உள்ளங்கையை விரித்து முன்வரிசையைக் காட்டினேன்.

சிஞோரா அழகாகச் சிரித்தபடி எழுந்தார். "நிச்சயமா, மாரியோ! தொமானி!"

சந்தையில் எனக்குக் கத்தரிக்காய் விற்கும் கிழவர் பின்வரிசையிலிருந்து கத்தினார். "ஏன் தொமானி, சிஞோரா? இஞ்சை ஒருத்தரிட்டையும் பேனா இல்லையோ?"

ஐந்தாறு பேனாக்கள் நீண்டன. நூரியா என்னைப் பார்த்தார், சிஞோராவைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து படிவத்தை எடுத்தார். அந்தக் கோடையில் அவர் எனக்குச் செய்த உதவி அதுதான். சின்ன உதவி இல்லை, இப்போது யோசித்தால். வடை மேசையில் வைத்துச் சிஞோரா கையெழுத்துப் போட்டார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். கடிதத்தின் ஓரத்தில் எண்ணெய் பட்டது. குவெஸ்தூராவில் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

5. இளையவர்களுக்கு

சிஞோரா மூன்று கிழமை என்னோடு கதைக்கவில்லை. செய்ய வேண்டிய வேலைகளைத் துண்டில் எழுதி வைத்தார். வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. நாற்காலி தந்த பெருமையோடு கடிதம் தந்த பெருமையும் ஊரில் பரவியிருந்தது. நத்தார்ப் பண்டிகைக்குள் அவரே சிநேகிதிகளிடம், "மாரியோவின்ரை பத்திரமெல்லாம் நான்தான் பார்த்தனான்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

இப்போது வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். உங்களுக்குச் சேர வேண்டியதைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்காதீர்கள். அங்கே கேட்டால் ஆயுள் முழுவதும் நாளைதான். நாலுபேர் இருக்கும் இடத்தில், மரியாதையாக, ஒரே வசனத்தில் கேளுங்கள். கால் நடுங்கினால் நடுங்கட்டும். உதவ வருகிறவர்களை நம்புங்கள். ஆனால் யார் வீட்டில் தங்கியிருக்கிறார்கள் என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ரீற்றா அடுத்த வருடம் வந்து சேர்ந்தாள். சிஞோராவுக்குக் காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"இவவுக்குச் சமைக்கத் தெரியுமோ, மாரியோ? திங்கட்கிழமையிலிருந்து வரலாமே."

"தெரியும், சிஞோரா," என்றேன். "முதலிலை கடிதம்."