ஒற்றைக் கைக்கு ஒரு விளையாட்டு

கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் அக்கா இருபத்திரண்டு வருடம் இருந்தவர் என்பதால், அவருக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தப்பு. இருந்த பொறுமையெல்லாம் வேலை நேரத்திலேயே தீர்ந்துவிடும். வண்டியை விட்டு இறங்கியதும் வாசலில் கோணலாகக் கிடக்கும் செருப்புகூட அவருக்கு எரிச்சலை மூட்டும்.

நாற்பத்தேழாவது வயதில் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம், இடது கையில் இரண்டு ஊசிகளைக் குத்தி ரத்தத்தை இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்தார்கள். அந்தக் கையை அசைக்கக் கூடாது. தம்பி தன்னுடைய சிறுநீரகத்தைத் தருவதாகப் போய் நின்றான். பரிசோதனையில் அவனுக்கே சர்க்கரை இருப்பது தெரிந்து, டாக்டர்கள் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதைப் பற்றி இருவரும் பிறகு பேசவில்லை. அடுத்த வாரம், யாரோ ஆடிவிட்டு விற்ற கையடக்க வீடியோ கேம் கருவி ஒன்றை வாங்கிவந்து அக்காவின் மடியில் வைத்தான்.

தம்பி மெத்தைக் கடையில் விற்பனையாளன். கடையில் ஆள் வராத நேரத்தில் போனில் தேடிப் படித்து, உலகமே கொண்டாடுகிறது என்று எவனாவது எழுதியிருந்தால் அந்த விளையாட்டை வாங்கிவிடுவான்.

முதலில் வந்தது கார் பந்தயம். அவர் தொழிலுக்குப் பொருத்தமாம். சுவரில் மோதிய கார் பந்து மாதிரி துள்ளித் திரும்பி ஓடியது. இண்டிகேட்டர் போடுபவன் ஒருவனும் இல்லை. அதையாவது சகித்துக்கொள்ளலாம்; ஆனால் திருப்ப இடது கை, வேகத்துக்கு வலது கை வேண்டும். வளைவில் தன்னை அறியாமல் இடது கையை அசைத்துவிட, இயந்திரம் கூவியது. நர்ஸ் ஓடிவந்து ஊசியைச் சரிபார்த்துவிட்டு, விளையாடும் வயதா இது என்பதுபோல் ஒரு பார்வை பார்த்துப் போனாள்.

அடுத்தது தோட்டம் போடும் விளையாட்டு. ஒரு கை போதும். ஆனால் அதில் இருந்த ஊர்க்காரர்கள் சும்மா விடவில்லை. ஒருத்திக்கு முட்டை வேண்டும், ஒருவனுக்கு விறகு வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்தால் மறுநாள் இன்னொன்று. படுத்துக் கிடக்கிறவளிடம் வேலை வாங்குகிறார்களே என்று மூன்றாம் நாளே மூடிவைத்தார்.

மூன்றாவது, கதை விளையாட்டு. ராஜாவும் மந்திரியும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். பேச்சைத் தாண்டிப் போக வழியில்லை. விடுதி ஒன்றைக் கண்டுபிடித்துத் தூங்கினால்தான் ஆடியது பதிவாகும். பழைய பேட்டரி இரண்டு மணி நேரத்தில் உயிரை விடும்; கட்டிலுக்குப் பக்கத்திலிருந்த ப்ளக்கில் அவருடைய ரத்தம் ஓடும் இயந்திரம் செருகியிருந்தது. அதே ராஜாவின் அதே பேச்சை ஐந்து முறை கேட்டார்.

தம்பி கேட்கும்போதெல்லாம் நல்லாயிருக்கு என்றுதான் சொன்னார்.

உண்மையில் அவருக்குப் பிடித்தது கருவியோடு இலவசமாக வந்த ஒன்று. நெருக்கியடித்து நிற்கும் வண்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தி, சிக்கிய வண்டியை வெளியே எடுக்க வேண்டும். அவசரம் இல்லை, கதை இல்லை, யாரும் எதுவும் கேட்பதில்லை. நாலு மாதத்தில் நூற்றெண்பத்தேழாவது கட்டத்துக்கு வந்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, வார விடுமுறையில் இருந்த தம்பி, முந்தின நாள் வாங்கிப்போன கருவியில் புது விளையாட்டு ஒன்றை ஏற்றிக்கொண்டு நேரே மருத்துவமனைக்கே வந்தான். அவர் திறந்து தேடினார். வண்டி விளையாட்டைக் காணோம்.

"அதுவா? சின்னப் பசங்க ஆடுறது மாதிரி இருந்துச்சு. இடம் பத்தலைன்னு எடுத்துட்டேன்" என்றான்.

"நூத்தி எம்பத்தேழு கட்டம்டா."

"நீ சொல்லவே இல்லையேக்கா. எல்லாத்தையும் நல்லாயிருக்குன்னுதானே சொன்ன?"

"நீ மூஞ்சிய அப்படி வச்சுக்கிட்டுக் கேட்டா வேற என்னத்தச் சொல்றது? நீ வாங்குனதுல ஒண்ணுகூட உருப்படி இல்ல. பந்தயத்துக்கு ரெண்டு கை வேணும். எனக்கு இருக்கிறது ஒண்ணு."

அடுத்த கட்டிலில் இருந்த தபால்காரர் செய்தித்தாளை இறக்கிப் பார்த்தார். தம்பி கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"வேற எதுவும் என்னால குடுக்க முடியலையேக்கா" என்றான் மெதுவாக.

அவருக்கு இன்னும் எரிச்சல் வந்தது. அவன் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தான். ஸ்டூலைக் காட்டினார்.

"மரம் மாதிரி நிக்காத. உக்காந்து ஒரு கை குடு. எடது கை."

புது விளையாட்டில் ஒரு குள்ளன் ஓடிப் பள்ளங்களையும் உடைந்த பாலங்களையும் தாண்ட வேண்டும். ஓட்டுவது தம்பி, குதிக்கவைப்பது அக்கா. விளிம்பில் நிறுத்து என்றால் அவன் நிறுத்த மாட்டான். அக்கா குதிப்பதுதான் லேட் என்பான். முதல் நாள் குள்ளன் அறுபது தடவைக்கு மேல் விழுந்தான். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு மக்குக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை என்று அவர் தபால்காரரிடம் முறையிட்டார்.

அன்று முதல் தம்பி செவ்வாய்தோறும் வருகிறான். வண்டி விளையாட்டை மறுபடி ஏற்றிக் கொடுத்துவிட்டான். மற்ற இரண்டு நாளும் அதை ஒன்றாவது கட்டத்திலிருந்து ஆடுகிறார். ஐந்து வாரமாகியும் குள்ளன் இரண்டாவது பாலத்தைத் தாண்டவில்லை. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் ரத்த அழுத்தம் ஏன் ஏறுகிறது என்று டாக்டர் விசாரித்தபோது, அன்றைக்குத் தம்பி வருவார் என்று நர்ஸ் சொன்னாள். டாக்டர் அதற்கு மருந்து எதுவும் எழுதவில்லை.