அர்பாப் வாங்கப் போன வீடு

அபுதாபி முசஃபாவில் ஒரு கேரேஜின் ஆபீஸில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறேன். முதலாளியை எல்லோரையும் போல நானும் அர்பாப் என்றுதான் கூப்பிடுவேன். எழுபதைத் தாண்டியவர். மனைவி இறந்ததும் தொழிலை மூத்த மகனிடம் கொடுத்துவிட்டார். என் விசா பேப்பரில் இப்போது கையெழுத்துப் போடுவது அந்த மகன்தான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்பது புரியும்.

மூன்று வருஷத்துக்கு முன், மே மாதம், அர்பாப் என்னைத் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். போனில் ஒரு படம் காட்டினார். துருக்கியில் ஒரு பழைய மீனவக் கிராமம். மலைச்சரிவில் கல் வீடுகள், கீழே கடல். அதில் நீலக் கதவு வைத்த வீட்டை வாங்கப் போவதாகச் சொன்னார். அவரும் மனைவியும் கல்யாணமான புதிதில் அந்த ஊரில் ஒரு வாரம் தங்கியிருக்கிறார்களாம். ஏசி இல்லாமல், கோடையில் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குகிற மாதிரி ஒரு வீடு வேண்டும் என்று அந்த அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்களாம். இங்கிலீஷ் பேப்பர்களைப் படித்துச் சொல்ல நான் கூட வர வேண்டும். மகன்களுக்குத் தெரியக் கூடாது.

ஊரிலிருக்கும் என் மனைவியிடம் போனில் சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி, மனதில் பட்டதைச் சொல்லிவிடுவாள்.

"அவரு புள்ளைங்களுக்குத் தெரியாமப் போறது சரியில்லைங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரைக் கேப்பாங்க?"

எனக்கும் அதே கேள்விதான். ஆனால் என்னை வேலைக்கு எடுத்த மனிதரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ஆபீஸில் ஊருக்குப் போவதாக லீவு எழுதிக் கொடுத்தேன்.

அந்தக் கிராமத்தில் இரண்டு நாள் ஒரு சின்ன ஓட்டலில் தங்கினோம். அரபி பேசும் புரோக்கர் நாற்பது நிமிடத் தூரத்து டவுனில் பத்திர வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் பதிவு. அன்று காலை, வீட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அர்பாப் கிளம்பினார்.

அந்த வீட்டுக்கு ரோடு கிடையாது. துறைமுகத்திலிருந்து செங்குத்தாகக் கல் படிகள். பழைய கிராமம் என்பதால் எதையும் இடித்து மாற்ற அரசாங்கம் விடாதாம். பாதியில் அர்பாப் நின்றார். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கடலைப் பார்ப்பது போல நின்றார். பக்கத்தில் போனபோதுதான் முகம் சாம்பல் பூத்திருந்ததையும், தாடியெல்லாம் வேர்வையாக இருந்ததையும் பார்த்தேன். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரிடம் போகலாம் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். எங்கள் பேச்சு எப்போதும் பாதி ஹிந்தி, பாதி அரபி.

"முதல்ல கையெழுத்து. டாக்டர் அப்புறம்."

அதுவரை பதிமூன்று வருஷத்தில் அவர் சொன்னதை நான் மறுத்ததில்லை. அன்று குரல் எனக்கே தெரியாமல் வந்தது.

"மாஃபி கையெழுத்து, அர்பாப். கலாஸ்."

கையெழுத்து கிடையாது, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தைரியம் வந்திருக்கும்.

மேலே ஓடினேன். வீட்டை விற்கிற அம்மா நீலக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். அவருக்கு அரபி தெரியாது, எனக்குத் துருக்கி பாஷை தெரியாது. நெஞ்சில் கையை வைத்து "கல்ப், கல்ப்" என்று கத்தினேன். அரபியில் இதயம். அவர்கள் பாஷையிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் போலிருக்கிறது. அந்த அம்மா உடனே சுவர் மேல் எட்டிப் பார்த்துத் துறைமுகத்தை நோக்கிக் குரல் கொடுத்தார். நான்கு மீனவர்கள் வந்தார்கள். அந்த வீட்டு நாற்காலியிலேயே அர்பாபை உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். நான் அவருடைய செருப்பையும், அவர் பாஸ்போர்ட் இருந்த பையையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னால் போனேன். இவர் செத்துப்போனால் இந்தப் பையோடு என்னைப் பிடிப்பார்கள் என்ற நினைப்புதான் படிக்குப் படி வந்தது. அவருக்காக எவ்வளவு பயந்தேன், எனக்காக எவ்வளவு பயந்தேன் என்று பிரித்துச் சொல்ல முடியாது.

டவுன் ஆஸ்பத்திரியில் டாக்டர் கொஞ்சம் இங்கிலீஷ் பேசினார். ரத்தக்குழாய் அடைப்பு, உடனே உள்ளே கொண்டுபோக வேண்டும், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்றார். மகனுக்குப் போன் செய்தேன். அபுதாபியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரம், போன் அணைந்திருந்தது. மறுபடி செய்தேன். நர்ஸ் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள். நீங்கள் யார் என்று டாக்டர் கேட்டார். வேலைக்காரன் என்றால் காத்திருக்கச் சொல்லிவிடுவார்களோ என்று தோன்றியது. மகன் என்றேன். என் கறுத்த முகத்தையும் என் பாஸ்போர்ட்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நர்ஸிடம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அரை மணி கழித்து மகன் கூப்பிட்டான். சொன்னேன். எந்த ஊர் என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் மதியம் வந்து சேர்ந்தான். அதற்குள் அர்பாப் கண் விழித்திருந்தார், ஆபத்து இல்லை என்று சொல்லியிருந்தார்கள். ஆனாலும் வராந்தாவில் அவன் நடந்து வருவதைப் பார்த்ததும் பையை மறுபடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அப்பாவைப் பார்த்துவிட்டு வந்து, பேப்பர்களை வாங்கிப் படித்தான். மகன் என்று எழுதியிருந்த இடத்தில் அவன் விரல் நின்றது.

"இது நீயா?"

"ஆமா. வேற வழி தெரியல."

பேப்பரை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். எதற்காக இங்கே வந்தார் என்று கேட்டான். அர்பாபுக்குக் கொடுத்த வாக்கை அங்கேயே உடைத்தேன். ஜன்னல் விஷயம்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா அப்படிச் சொன்னது அவனுக்குத் தெரியாதாம். சாயங்காலம் தனியாகப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தான்.

திரும்பி வந்த பிறகு மூன்று மாதம், என் விசாவை ரத்து செய்யும் கடிதம் இன்று வரும், நாளை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வருஷம் அந்த வீடு அர்பாப் பேரில் பதிவானது. புரோக்கரிடம் பேசி முடித்தது மகன்தான். ஒரே நிபந்தனை, அப்பா போகும்போதெல்லாம் நானும் போக வேண்டும்.

இரண்டு கோடை போய்விட்டு வந்தாயிற்று. ஊரை எல்லோரும் அழகு என்கிறார்கள். எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. மதியம் அர்பாப் ஜன்னலைத் திறந்து போட்டுத் தூங்குவார். கடல் சத்தத்தில் ஒன்றும் கேட்காது. கட்டில் பக்கம் குனிந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போய்ச் சோறு வடிப்பேன்.