மச்சானின் காலாவதி

எழுபதுகளின் நடுவில் என் அக்காவின் கணவர் தேவிகுளம் பக்கத்து டீ எஸ்டேட் ஒன்றிலிருந்து ரிட்டயர் ஆகி, பாலக்காட்டு எல்லையில் இருக்கும் எங்கள் எருத்தேன்பதிக்குத் திரும்பினார். டீ ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். அங்கே இருந்தவரை உடம்புக்கு வந்தால் கம்பெனி ஆஸ்பத்திரி. மருந்தும் படுக்கையும் இலவசம். வேலை முடிந்ததோடு அந்த உரிமையும் முடிந்துவிட்டது. அக்காவுக்கு உதிரப்போக்கு நிற்காமல் போய், கோயமுத்தூர் டாக்டரம்மா, கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள் என்று சொன்ன பிறகுதான் இருவருக்கும் அது உறைத்தது.

மச்சான் தள்ளிப்போட்டார். கடலை பிடுங்கி விற்ற பிறகு பார்க்கலாம் என்றார். அக்கா அதற்குள்ளேயே வெளுத்துப்போயிருந்தார். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் பாதி வழியில் இறக்கி வைத்துவிட்டு நிற்பார்.

நான் பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூரில் சப்-ரிஜிஸ்டிரார் ஆபீஸ் குமாஸ்தா. காகிதம் படிக்கத் தெரிந்தவன் என்ற கணக்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னையும் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். சீசனில் முதலமடைப் பக்கம் மாந்தோப்புகளைக் குத்தகைக்குப் பிடிப்பவர். மற்ற மாதங்களில் இன்சூரன்ஸ். அன்று கேட்டதை வீட்டுக்கு வந்ததும் எழுதி வைத்தேன். அது என் வழக்கம்.

"ஏனுங்க, சீக்கு வந்தா ஆஸ்பத்திரிச் செலவு குடுக்கற மாதிரி எதாச்சும் இருக்குதுங்களா?" என்று மச்சான் ஆரம்பித்தார்.

"பெரிய கம்பெனிக தன்னோட ஆளுகளுக்குப் பண்ணி வெக்கறதுண்டுங்க. ரிட்டயர் ஆன தனியாளுக்கு அப்படி ஒண்ணு நான் பாத்ததில்லீங்க. லைஃப் இருக்குதுங்க."

"லைஃப்னா செத்தாத்தானுங்களே?"

"செத்தாலும் வருமுங்க, சொன்ன வருசம் வரைக்கும் உசுரோட இருந்தாலும் வருமுங்க. ஆனா உங்க வயசுக்கு டாக்டர் பாத்துத்தான் எடுப்பாங்க. கட்டறதும் கூடத்தான் ஆகும்."

சமையல் அறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "நோவு எனக்கு, இன்சூரன்ஸ் அவருக்கா? எம் பேருல எழுதச் சொல்லு தம்பி."

"சம்பாத்தியம் இல்லாத பொம்பளைக பேருல லேசுல எழுத மாட்டாங்க அக்கா. அதுவும் ஆபரேசன்னு டாக்டர் சொன்ன பொறகு, அதை மறைச்சு எழுதுனா பின்னாடி ஒண்ணும் வராதுங்க" என்றார் ஏஜென்ட்.

"மாங்காய மட்டும் பூவுலயே வெல பேசி எடுத்துக்கறீங்க. எங்களுக்குத்தான் டாக்டரு, சம்பாத்தியம்னு இத்தன கேள்வியாக்கும்."

ஏஜென்ட் சிரித்துவிட்டார். பிறகு மச்சானிடம், பழைய பாலிசி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க. சம்பளத்துல புடிச்சாங்க. பாலக்காட்டு ஆபீஸ்ல போயிக் கேட்டேன். காலாவதி ஆயிப்போச்சாம்."

ஏஜென்ட் தலையை ஆட்டினார். சம்பளம் நின்றால் பிடித்தமும் நிற்கும், கட்ட மறந்தவர்களின் பாலிசி செத்துப்போகும், நிறையப் பேருக்கு இப்படி ஆகிறது என்றார். பாக்கியைக் கட்டி உயிர் கொடுக்க வழி இருக்கிறதா என்று விசாரிக்கலாம் என்றும் சொன்னார்.

"அதையும் வேண்டாம்னுட்டாங்க. இனிக் கட்ட வேண்டியதில்லைன்னு அந்த ஆளே சொல்லீட்டாரு" என்றார் மச்சான். அதனால்தான் புதிதாக ஒன்று எடுக்க நினைத்தார். தனக்கு ஏதாவது ஆனால் அக்காவின் கையில் எதுவும் இல்லை என்பது அவர் பயம். ஆபரேஷனுக்கென்று வைத்திருந்த கொஞ்சமும் அதில் போய்விடும் என்பதை அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு ஒன்று இடித்தது. பணம் கட்ட வந்தவனை வேண்டாம் என்று அனுப்பும் இன்சூரன்ஸ் ஆபீஸை நான் கேள்விப்பட்டதில்லை.

"அவர் என்ன சொன்னாரு மச்சான்? அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க."

மச்சான் மலையாளத்தைத் தன் வாய்க்கு வந்தபடி சொன்னார். "காலாவதி கழிஞ்ஞல்லோ, இனி ஒந்நும் அடய்க்கண்டா. இப்படித்தான். அதுக்கு மேல நான் அங்க நிக்கலீங்க மாப்ள."

எஸ்டேட்டில் சுற்றிலும் தமிழ் ஆட்கள். மலையாளம் அவருக்குக் காதோடு சரி. எங்கள் ஆபீஸில் வரும் மலையாளப் பத்திரங்களில் காலாவதி என்ற சொல்லை நான் தினமும் பார்க்கிறேன். அங்கே அதற்குக் குறித்த காலம், கெடு என்று பொருள். குத்தகைக்கு ஒரு காலாவதி உண்டு, கடனுக்கு ஒன்று உண்டு. பாலக்காட்டு இன்சூரன்ஸ் ஆபீஸ் குமாஸ்தா சொன்னது, 'காலம் முடிந்துவிட்டது, இனி நீங்கள் எதுவும் கட்ட வேண்டாம்' என்பது. மச்சானின் தமிழ்க் காதில் அது, 'செல்லாமல் போய்விட்டது, இனிக் கட்டிப் பயனில்லை' என்று விழுந்திருக்கிறது. ஒலியும் ஒன்று, வாக்கியமும் இரண்டுக்கும் பொருந்தியது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அவருடன் பாலக்காடு போனேன். அதே குமாஸ்தா அதே மேஜையில் இருந்தார்.

"அந்நே ஞான் பறஞ்ஞதல்லே? பாண்டு கொண்டு வரான் பறயும் முன்பே ஆளு போயி" என்று, பாலிசிப் பத்திரத்தைக் கொண்டுவரச் சொல்வதற்குள் மச்சான் கிளம்பிப் போனதை என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

"காலாவதின்னு சொன்னீங்களே" என்றார் மச்சான்.

"அதே. தமிழிலும் அந்த வாக்கு உண்டல்லோ?"

"உண்டுங்க. அதுதானுங்க வெனை."

மச்சானின் ரிட்டயர் மாதத்தோடு முடியும்படி எடுக்கப்பட்ட பாலிசி அது. காலம் முடிந்ததால் முழுத் தொகையும் அவருக்குச் சேர வேண்டியிருந்தது. தொகை வரச் சில வாரங்கள் ஆயின. அதற்குள் ஏஜென்ட் மறுபடியும் வந்து, மொத்தமாகக் கொடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாதாமாதம் வரும்படி ஒரு திட்டம் உண்டு என்று விளக்கினார். மோசமான யோசனை இல்லை. மச்சான் என் முகத்தைப் பார்த்தார்.

"ஏனுங்க, கட்டி தம்பி வயித்துலயா இருக்குது, அவனப் பாக்கறீங்க?" என்றார் அக்கா.

அதற்குப் பிறகு யாரும் அந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. கடலை பிடுங்கும் முன்பே கோயமுத்தூரில் ஆபரேஷன் நடந்தது. ரத்தம் மிகவும் குறைந்திருந்ததால் இரண்டு பாட்டில் ஏற்ற வேண்டியிருந்தது. கட்டி கெட்டது அல்ல என்று டாக்டரம்மா சொன்னபோது மச்சான் அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். இந்த முறை தமிழில்தான் சொன்னார்கள், இருந்தும் கேட்டார்.

மீதித் தொகையை அவர் அக்காவின் பேரில் போஸ்டாபீஸில் போட்டு, பாஸ்புக்கைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார்.

"இதுதான் இனி உன்ற ஆஸ்பத்திரி" என்றார்.

அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப உடம்பு நல்லா இருந்தா எடுக்கக் கூடாதுங்களா?"

மச்சான் யோசித்தார். "இரு, மாப்ளயக் கேட்டுச் சொல்றேன்."