தொப்பு சொல்லாமல் விட்டது

தொப்பு ஒரு பென்குவின் குஞ்சு. டிவியில் தினமும் பனியில் வழுக்கி விழும். விழுந்த கையோடு வாலைத் தட்டிவிட்டுக்கொண்டு, "விழுந்தா என்ன? எழுந்தா போச்சு!" என்று கத்தும். பரீட்சையில் கோட்டைவிட்ட பிள்ளை முதல் தேர்தலில் தோற்ற பெரிய மனிதர் வரை அதைச் சொல்லாத வாய் இல்லை. என் அத்தை அதைக் கேட்டு வாழ்ந்தார். பதினோரு வருஷமாக அதுதான் அவருக்கு வேலை.

பொம்மைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடியில், ஜன்னல் இல்லாத ஒரு அறை. சுவரெல்லாம் சத்தத்தை உறிஞ்சும் பஞ்சுப் பலகை. ஒரு மேசை, ஒரு நாற்காலி. இடப்பக்கம் வந்து குவியும் தொப்பு பொம்மைகளில் ஒன்றை எடுத்து வயிற்றை அழுத்த வேண்டும். வாக்கியம் முழுசாக, கரகரப்பில்லாமல் வந்தால் வலப்பக்கக் கூடை. இல்லாவிட்டால் காலடியில் இருக்கும் சிவப்புக் கூடை. ஒரு நாளைக்கு ஆயிரத்து எண்ணூறு பொம்மை.

அந்த மாடியில் உட்கார்ந்து செய்யும் வேலை அது ஒன்றுதான். அத்தைக்கு இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டன. ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். நாற்காலி இருந்தால் எப்படியாவது ஓட்டிவிடலாம் என்றிருந்தார்.

"வீட்ல நான் நாலு தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டா. இவளைப் போய் கேக்கற வேலைல வெச்சிருக்காங்க பாரு!" என்பார் மாமா.

"சத்தம் நல்லா இல்லாததை சிவப்புக் கூடைல போடறது பழக்கமாயிடுச்சு" என்பார் அத்தை, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

ஒரு திங்கட்கிழமை, கடைகளிலிருந்து நானூறு தொப்புகள் திரும்பி வந்தன. சூப்பர்வைசர் ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து அழுத்தினார்.

"என்ன சொல்லுது அக்கா?"

"எப்பவும் சொல்றதுதான்."

"முழுசா சொல்லுங்க."

"விழுந்தா என்ன, எழுந்தா போச்சு."

அவர் மறுபடி அழுத்தினார். அத்தையின் முகத்தையே பார்த்தார்.

"அக்கா, விளையாடாதீங்க. 'விழுந்தா என்ன'வோட நின்னுடுது. அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்ல."

"எனக்குக் கேக்குதே."

தையல் பிரிவிலிருந்து ஒரு பெண்ணைக் கூப்பிட்டு அழுத்திக் காட்டினார். அவள் சிரித்துவிட்டாள். "ஐயோ பாவம், நம்மகிட்டயே கேள்வி கேக்குது! பதில் யாரு சொல்றது?"

பாதியோடு பதிவு செய்தவர்கள் வேறு யாரோ. ஆனால் நானூறும் அத்தையின் வலப்பக்கக் கூடை வழியாகத்தான் வெளியே போயிருந்தன. வராத பாதியை அத்தையின் காது தானே போட்டு நிரப்பிக்கொண்டிருக்கிறது. இதை எங்களிடம் சொன்னபோது அவர் பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்போலத்தான் சொன்னார்.

சூப்பர்வைசர் நல்லவர். ஒரு வழி சொல்லியிருந்தார்: "காதுல கோளாறுன்னு டாக்டர் எழுதிக் குடுத்தா, வேலையால வந்த பாதிப்புன்னு போட்டுடலாம். ஆபீஸ்ல உக்கார்ற இடம் குடுத்தே ஆகணும். இல்லன்னா கவனக்குறைவுன்னுதான் நான் எழுதணும். அப்புறம் கீழே பேக்கிங்தான்."

பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும்.

ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும் என்பதால் காது டாக்டரிடம் நானும் கூடப் போனேன். கண்ணாடிக் கூண்டுக்குள் அத்தையை உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அத்தை நிதானமாக அழுத்தினார். முடிந்ததும் ஒரு தாளைக் கொடுத்தார்கள். வராந்தாவில் நின்று படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"காது நல்லா இருக்காம் அத்தை."

"ரெண்டுமா?"

"ரெண்டும்."

"கொஞ்சங்கூடக் கோளாறு இல்லையா?"

"உங்க வயசுக்கு இவ்ளோ நல்லா இருக்கறது அபூர்வம்னு எழுதியிருக்காங்க."

அத்தை தாளை வாங்கி நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். வீட்டில் மாமா, "அதான் எனக்கு அப்பவே தெரியுமே! கேக்குது, ஏறல" என்றார். யாரும் சிரிக்காததால் எழுந்து போய் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

மறுநாள் சூப்பர்வைசர் தாளைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தாராம். பிறகு, "எழுதறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடலாம்" என்று நல்லதும் அரைகுறையுமாகப் பத்து தொப்புகளைக் கலந்து வைத்தார்.

அத்தை ஒவ்வொன்றாக அழுத்தினார். வலப்பக்கம். வலப்பக்கம். ஏழாவதை மூன்று முறை அழுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு முறை. அதுவும் வலப்பக்கம். பத்தும் அங்கேயே போய்ச் சேர்ந்தன.

"எத்தனை அரைகுறை?" என்று கேட்டார் அத்தை.

"ஆறு."

"சரி."

"எதெதுன்னு காட்டட்டுமா அக்கா? பழகிக்கலாம்."

"வேண்டாம் தம்பி. எழுதிடுங்க."

அவர் எழுதினார். அத்தை கையெழுத்துப் போட்டார். நாற்காலியில் போட்டிருந்த தன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கினார்.

பேக்கிங்கில் ஒரு பெட்டிக்கு ஆறு பொம்மை. அங்கே யாரும் எதையும் அழுத்திப் பார்ப்பதில்லை. மடித்து, அடுக்கி, ஒட்டித் தள்ள வேண்டியதுதான். முதல் நாள் முழுக்க நின்றுவிட்டார். சாயங்காலம் முட்டி இரண்டும் பன்ரொட்டிபோல் வீங்கியிருந்தன. துணியில் ஐஸ் வைத்துக் கட்டிவிட்டேன்.

"ரொம்ப வலிக்குதா அத்தை?"

கழற்றிப் போட்டிருந்த செருப்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"தெரியல. இந்தச் செருப்பு சரிப்படாது. நிக்கறதுக்குத் தோதா வேற வாங்கணும்" என்றார்.