எம்ப்ரெட்டின் ஆறாவது கார்

இங்வில்லைப் பற்றி நல்லபடியாக எழுத எனக்கு மனசே இல்லை. ஆனால் எங்கள் எல்வெரும் ஊரில் ஆளாளுக்கு அவளைப் புகழ்கிறார்கள். பக்கத்து மேஜையில் உட்கார்ந்து வெந்துகொண்டிருப்பவன் நான். எனக்குத் தெரிந்த அளவு அவர்களுக்குத் தெரியாது.

த்ரீசில் பக்கம் பண்ணை வைத்திருப்பவரின் மகள் அவள். எங்கள் கார் ஷோரூமுக்கு வருமுன் பனிச்சறுக்கு மலையில் லிஃப்ட் டிக்கெட் விற்றுக்கொண்டிருந்தாள். வந்த புதிதில் வாடிக்கையாளர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக்கூடக் கூச்சப்படுவாள். இணையத்தில் வரும் விசாரிப்புகளுக்குக் கணினியில் பதில் தட்டுவதுதான் அவள் வேலை. இதெல்லாம் ஒரு விற்பனையா என்று நான் சிரித்தேன்.

என் வழி வேறு. சனிக்கிழமை காலையில் ஷோரூமிலேயே வாஃபிள் அப்பம் சுடுவேன். மேலே பழுப்புச் சீஸ், கூடவே காபி. வாசனைக்கே ஊர் திரண்டு வரும். தின்றுகொண்டே தங்கள் டீசல் வண்டியைத் திட்டுவார்கள். அடுத்த வாரம் புது வண்டிச் சாவியைக் கையில் கொடுத்துவிடுவேன். எம்ப்ரெட்டுக்கு மட்டும் அப்படி ஐந்து கார் விற்றிருக்கிறேன். பள்ளிக்கூட நாளிலிருந்து என் கூட்டாளி அவன். அவன் மனைவி குட்னியும் எனக்குப் பழக்கம்தான்.

பிறகு எல்லாரும் மின்சாரக் காருக்குத் தாவினார்கள். வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடியே படித்து, ஒப்பிட்டு, நிறம் வரைக்கும் முடிவு செய்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரு சந்தேகத்தை மட்டும் இணையத்தில் கேட்டார்கள். கடுங்குளிரில் பேட்டரி தாங்குமா? "கவலையே வேண்டாம்" என்று நான் எழுதினேன். அவளோ அந்த வருடத்தின் மோசமான குளிர்நாளில், கூரைமேல் பனிச்சறுக்குக் கட்டைகள் வைத்த பெட்டியோடு, ஹீட்டரை முழுசாகப் போட்டுக்கொண்டு த்ரீசில் வரை ஓட்டிப்போனாள். பேட்டரி வழியில் எங்கே எவ்வளவு இறங்கியது என்று படம் எடுத்து இணையத்தில் போட்டாள். அன்றிலிருந்து விசாரிப்பெல்லாம் அவள் பெயர் சொல்லியே வந்தன. இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சனிக்கிழமைகளில் வாஃபிள் மட்டும் தீர்ந்தது. ஒரே ஒரு நம்பிக்கைதான் எனக்கு மிச்சம். எம்ப்ரெட்டின் டீசல் கிழடாகிவிட்டது. ஆறாவது காரையும் அவன் என்னிடம் வாங்கிவிட்டால் போதும், அவள் முன்னால் தலை நிமிர்ந்து நடப்பேன்.

"இங்வில், எம்ப்ரெட் என் ஆளு. அவன் பக்கமே திரும்பக் கூடாது, சொல்லிட்டேன்" என்றேன்.

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு, "சரி ஹால்வர்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை எம்ப்ரெட் வந்து வாஃபிள் தின்றுவிட்டுக் கிளம்பினான். கையுறையை மேஜையில் மறந்துவிட்டான். எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். தேவாலயத்துக்குப் பின்புறம் ஒரு புது நீலக் காரின் கதவைத் திறந்துகொண்டிருந்தான். மின்சாரக் கார். நம்பர் பலகையைச் சுற்றி எங்கள் ஷோரூம் பெயர்.

"யாரு வண்டிடா இது?"

"என்னுதுதான்."

"இங்வில் வித்தாளா?"

"ம்."

"காலங்காலமா என் வாஃபிளைத் தின்னுட்டு அவகிட்டப் போய் வாங்கினியா? அதையும் ஒளிச்சு வேற வெச்சிருக்கே!"

"நீ இப்படிக் குதிப்பேன்னுதான் ஒளிச்சேன்." அவன் பனியைப் பார்த்தபடி நின்றான். "குட்னிக்குக் கேன்சர், ஹால்வர். ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். திரும்பி வர்றப்போ வழியெல்லாம் வாந்தி. சார்ஜ் போட எங்கயும் நிக்காம வண்டி வீடு வந்து சேருமான்னு கேக்கணும். ஊரே மென்னுகிட்டு நிக்கற இடத்துல அதை எப்படிடா கேப்பேன்?"

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமேடா."

"உன் குரலைக் கேட்டா அழுதுடுவேன். எழுதறப்போ அது யாருக்கும் தெரியாது."

கையுறையைக் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது இங்வில் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"அது அவர் வீட்டு விஷயம். நான் எப்படிச் சொல்ல முடியும்?"

பதில் சரியாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எம்ப்ரெட், குட்னி கல்யாணத்தில் கேக் வெட்டிப் பரிமாறியவன் நான். அவளுக்கு நோய் என்று எனக்குத் தெரியாது, இவளுக்குத் தெரிந்திருந்தது.

அதற்குமேல் முகம் பார்த்துப் பேச முடியவில்லை. என் மேஜையில் உட்கார்ந்து, எங்கள் ஷோரூமின் இணையப் பக்கத்தைத் திறந்து, கேள்விக் கட்டத்தில் பெயர் போடாமல் எழுதினேன்: "பழைய நண்பன் ஒருவன் கஷ்டத்தில் இருக்கிறான். நான் என்ன செய்யலாம்?"

நாற்காலியில் சாய்வதற்குள் பதில் வந்துவிட்டது.

"எம்ப்ரெட் இப்போதுதான் காரிலிருந்து எழுதினார். வெள்ளிக்கிழமை ஆஸ்லோ ஆஸ்பத்திரிக்குப் போகும்போது குட்னியோடு பின்சீட்டில் உட்கார்ந்து வர ஆசையாம். ஓட்ட ஆள் வேண்டும். உங்களிடம் நேரில் கேட்கக் கூச்சமாம், என்னைக் கேட்கச் சொன்னார்."

பக்கத்து மேஜையில் அவள் ரொட்டியிலிருந்து நிமிரவேயில்லை. என்னிடம் கேட்க வேண்டியதையும் அவன் அவளிடம்தான் கேட்டிருக்கிறான். வயிறு எரிய எரிய, "எத்தனை மணிக்குக் கிளம்பணும்?" என்று தட்டினேன்.