காஜா, பட்டன், நாங்கள்

சட்டைக்குப் பட்டன் கட்டுவது தனியாக ஒரு பிழைப்பு என்பது பம்பாய் தாராவிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். குர்லாவில் ஒரு கம்பெனி மெஷினில் தைத்த சட்டைகள் மூட்டை மூட்டையாக எங்கள் சந்துக்கு வரும். பட்டன் நுழையும் ஓட்டைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டித் திருப்பிக் கொடுக்க வேண்டும். கைத்தையல் போட்டுக் கண் எரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதாக இருக்காது.

எட்டாம் வகுப்பு

அறுபத்துமூன்றாம் வருஷம் வேலை கேட்டு பொன்னையா அண்ணாச்சியிடம் போனேன். கம்பெனிக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்த ஏஜெண்ட் அவர், திருநெல்வேலிப் பக்கம்தான். எட்டாம் வகுப்பு சர்டிபிகேட்டை நீட்டினேன். அவர் அதைத் தொடவில்லை. ஊசியும் நூலும் கொடுத்து, கோக்கச் சொன்னார். ஒரே தடவையில் கோத்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு அக்காவிடமும் கொடுத்தார். ஏழு வருஷமாக அவரிடம் தைப்பவள். நூலை நாக்கில் நனைத்து நனைத்துப் பார்த்தாள், முடியவில்லை. நான் யாருடைய இடத்துக்கு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி அவளிடம் சொன்னார்: "கண்ணு போனபெறவு கை இருந்து என்ன செய்ய? மூட்டைய இந்தப் புள்ளகிட்ட குடுத்துட்டு வீட்டுக்குப் போம்மா."

லூர்துவுக்குப் பிள்ளை பிறந்தது

அடுத்த வீட்டு லூர்து நிறைமாசத்திலும் தைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மத்தியானம் வலி எடுத்துவிட்டது. நான் மருத்துவச்சியைக் கூட்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் குழந்தை பிறந்து, அழுதுகொண்டிருந்தது. சட்டை வாங்க வந்த அண்ணாச்சி வாசலில் நின்றார். ஆணா பெண்ணா என்று கேட்பார் என்று நினைத்தேன். அவர் எட்டிப் பார்த்துக் கேட்டது: "வெள்ளைச் சட்டையில ஒண்ணும் படலியே?"

கம்பெனிக்கு யார் நாங்கள்

லேபர் ஆபீசர் ஒருவர் விசாரிக்க வந்தார். கூடவே குர்லா மேனேஜரும் வந்தார். "யாருக்காக வேலை செய்யறே?" என்று ஆபீசர் இந்தியில் கேட்டார். என் மடியில் கம்பெனி லேபிளோடு நாலு சட்டை கிடந்தது. நான் வாய் திறப்பதற்குள் மேனேஜர் முந்திக்கொண்டார்: "வீட்டுல சும்மா இருக்கற பொம்பளைங்க சார், பொழுது போகறதுக்குத் தைக்கறாங்க."

ஆபீசர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

குர்லாவுக்குப் போனோம்

அந்த ஆத்திரம் அடங்காமல் மறுநாளே ஐந்து பேர் ரயிலேறி கம்பெனிக்குப் போனோம். கைப்பிள்ளையோடு லூர்துவும் வந்தாள். ஏஜெண்ட் வேண்டாம், எங்களை நேராக வேலைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். மேனேஜர் கோபப்படவில்லை. லூர்துவை உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். பிறகு பொறுமையாக விளக்கினார்: "நேரா எடுத்தா நீங்க எங்க ஆளாயிடுவீங்க. அப்புறம் பிரசவத்துக்கு லீவு கேப்பீங்க."

ஒரு மாசம் எங்கள் சந்துக்கு மூட்டை வரவில்லை. பக்கத்துச் சந்தில் குறைந்த கூலிக்குத் தைத்தார்கள். கடைசியில் நானே அண்ணாச்சி வீட்டுக்குப் போய், அந்தக் குறைந்த கூலிக்கே சம்மதம் என்றேன். அவர் மூட்டையை என் தலையில் தூக்கி வைத்துவிட்டுச் சொன்னார்: "இத முன்னயே சொல்லிருக்கப்படாதா தாயி?"

ஆக, எட்டு வருஷம் நான் எந்தக் கம்பெனிக்கும் வேலை செய்யவில்லை, என் கழுத்து மட்டும் பொழுதுபோகாமல் வளைந்துவிட்டது.