வராதவர்களின் பெயர்

போன ஞாயிறு ஆராதனைக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். பிரசங்கம் செய்கிற பாஸ்டரம்மா, ஆர்கன் வாசிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர், முன்வரிசை வெபர் அம்மா, நான், இன்னும் ஒரு பத்துப் பேர். வெபர் அம்மாவின் நாயையும் சேர்த்தால் பதினைந்து. வராதவர்கள் மூவர். ஒருவருக்கு இடுப்பில் ஆபரேஷன். ஒருவர் மகளைப் பார்க்கப் போயிருக்கிறார். மூன்றாமவர் பாஸ்டரம்மாமேலேயே கோபமாக இருக்கிறார். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியுமென்றால், இங்கே ஜெபத்துக்கு முன்னால் வராதவர்களின் பெயரைச் சத்தமாக வாசிக்கிறார்கள். மூன்றாவது பெயரை வாசித்துவிட்டுப் பாஸ்டரம்மா, "என்மேல் கோபமாக இருக்கிறார். யாராவது கேக் கொண்டுபோய்க் கொடுங்கள், நான் போனால் கதவைத் திறக்க மாட்டார்" என்றார். யாரும் திடுக்கிடவில்லை.

ஜெர்மனியின் கிழக்குப் பக்கம் ஒரு சின்ன ஊர் இது. முதியோர் இல்லத்தில் நர்ஸாக வந்து மூன்றாவது வருடம் நடக்கிறது. வந்த முதல் குளிர்காலத்தில் காய்ச்சலில் விழுந்து ஒரு ஞாயிறு போகவில்லை. அடுத்த வாரம் வாசலிலேயே வெபர் அம்மா என்னை நிறுத்தி, "போன வாரம் உன் பெயரை வாசித்தோம்" என்றார். "என்ட்ஷுல்டிகுங்" என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். எதற்கு மன்னிப்பு என்று அவர் கேட்டார். வராததற்குக் காரணத்தை எழுத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். டாக்டர் சர்டிபிகேட்டைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். அதை வேலை செய்யும் இடத்தில் கொடு, எங்களுக்கு நீ வந்தால் போதும் என்று சொல்லி, ஒரு டப்பா கோழி சூப்பைக் கையில் திணித்தார். ஆராதனை முழுக்க அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, மறுபடி என் பெயரை வாசிப்பார்களோ என்று காத்துக்கொண்டிருந்தேன்.

ராஜபாளையத்தில் எங்கள் கோயிலிலும் பெயர் வாசிப்பதுண்டு. யாருக்கு யாரோடு கல்யாணம் என்று முன்கூட்டி அறிவிக்கும் கல்யாண ஓலை வாசிப்பார்கள், அதற்கு எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். இன்னொன்று தடை. சபைக்குத் தெரியாமல் வெளியே கல்யாணம் செய்துகொண்டவர்களின் பெயரை ஐயர் வாசித்து, இவர்களுக்கு அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து இல்லை என்று அறிவிப்பார். எங்கள் பக்கம் தேவாலயத்தைக் கோயில் என்றும் போதகரை ஐயர் என்றும்தான் சொல்வோம். தடை நீங்க வேண்டுமென்றால் சபைக்கு முன்னால் வந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். அப்படி நான் கேட்ட பெயர்களில் ஒன்று எமிமா. என் அக்கா.

அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள். அவள் சம்பளத்தில்தான் எனக்கு டியூஷன். அந்தக் கம்பெனியில் லோடு ஏற்ற வருகிற ஸ்ரீவில்லிபுத்தூர் முருகேசன் அத்தானை அவள் ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டபோது நான் பதினொன்றாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பா அப்போது கோயில் கமிட்டியில் இருந்தார். வேறு யாரும் பேச்சை எடுப்பதற்குள் நாமே எழுதிக் கொடுத்துவிடுவோம் என்றார். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அக்கா போனபின் எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

அப்பா சொன்னது இவ்வளவுதான்: "எம் மக சபைக்குத் தெரியாம கல்யாணம் பண்ணிக்கிட்டா. கமிட்டி என்ன செய்யணுமோ செய்யட்டும்." கடிதம் மிகவும் சின்னதாக இருப்பதாக எனக்குப் பட்டது. ஆகவே கீழே நானாக ஒரு வரி சேர்த்தேன். 'இனி எங்கள் குடும்பத்தாருக்கு அவளோடு எவ்வித ஒட்டும் உறவும் இல்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' எழுதி முடித்ததும் அது நன்றாக வந்திருப்பதாக நினைத்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரையை எழுதுவதில் அர்த்தமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஐயர் அந்த வரியையும் சேர்த்தே வாசித்தார். அப்பா நிமிரவில்லை. இப்படி எழுதுவதுதான் முறை போலிருக்கிறது, படித்தவன் தெரிந்துதான் எழுதியிருப்பான் என்று நினைத்திருக்கிறார். சபையில் வாசித்த வார்த்தை ஆயிற்றே என்று அதன்படியே நடந்தார். அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா மட்டும் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அப்பா போகவில்லை. பத்து பதினோரு கிலோமீட்டர்தான். அந்த ஊர்ப் பஸ் எங்கள் தெருமுனையில்தான் நிற்கும்.

சூப் டப்பாவைக் காலி செய்த அன்றே முடிவு செய்தேன், இதை அப்பாவிடம் நேரில்தான் சொல்ல வேண்டும் என்று. ஆனாலும் சொல்ல இரண்டு வருடம் ஆயிற்று. இந்தத் தடவை அறுப்பின் பண்டிகைக்கு லீவு போட்டு ஊருக்குப் போனேன். பண்டிகைக்கு நாலு நாள் முன்னால், அப்பா வேலை செய்யும் தறி ஷெட்டுக்கு எதிரே டீக்கடையில் அப்பாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கிளாஸைக் கீழே வைத்தார்.

"அந்தக் கடைசி வரி?"

"நானா எழுதுனதுப்பா."

"ஐயர் எழுதச் சொல்லலையா?"

"இல்லப்பா."

"நானும் சொல்லல."

"இல்லப்பா."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

"பத்தாவதுல தமிழுக்கு எம்புட்டு மார்க்குலே வாங்குன?"

"தொண்ணூத்தி நாலு."

"அதான்" என்றார். டீக்குக் காசு கொடுத்துவிட்டு ஷெட்டுக்குள் போய்விட்டார்.

மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். அக்கா வீட்டு வாசலில் அத்தானின் லோடு ஆட்டோ நின்றது. நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா சிரித்துவிட்டாள்.

"அது நீதாம்னு எனக்கு அன்னைக்கே தெரியும்லே. நம்ம அப்பா வாயில 'எவ்வித'ன்னு என்னைக்காவது வந்திருக்கா?"

"தெரிஞ்சும் ஏன்க்கா என்கிட்ட பேசுன?"

"பொறவு? பரீட்சைக்குப் பணம் கட்டணும்னு போன் போட்டியே. பேசாம இருக்க முடியுமா?" தட்டில் இன்னொரு தோசையைப் போட்டாள். "ஆனா ஒண்ணு, முன்னால நின்னு மன்னிப்புக் கேக்க மாட்டேன். நான் கல்யாணம்தான் பண்ணேன், களவா எடுத்தேன்?"

"ஏலத்துக்காச்சும் வாக்கா. வெளிய முத்தத்துலதான் நடக்கும்."

அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். சபையார் காணிக்கையாகக் கொண்டுவரும் வாழைத்தார், முட்டை, தேங்காய் எல்லாவற்றையும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி, விலையைக் கன்னாபின்னாவென்று ஏற்றி விற்பார்கள். ஏலம் விடுகிறவர் தங்கையா மாமா. மில்லில் மெக்கானிக்காக இருந்தவர், மைக் தேவைப்படாத குரல். அன்று தேவதானத்திலிருந்து வந்த வாழைத்தாரை விற்று முடித்துவிட்டு, குனிந்து ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கினார். அதில் சீட்டு இல்லை.

"யாரு காய்யா இது? பேர் இல்லாம விக்க முடியாது."

எனக்குத் தெரியும். விடிகாலையில் நானும் அப்பாவும் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தபோது அத்தான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன காய் அது. அக்காவும் அத்தானும் குழந்தையும் கேட்டுக்கு வெளியே ஆட்டோ ஓரம் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்து நாற்காலி நகர்ந்தது. அப்பா எழுந்து நின்றார்.

"எம் மக எமிமா கொண்டாந்தது. சீவில்லிபுத்தூர்."

கமிட்டிச் செயலர் மெதுவாக, "தடையில இருக்கவங்க காணிக்கைய வாங்கலாமான்னு ஐயர்ட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு..." என்று ஆரம்பித்தார்.

"காய் யாரையும் கட்டிக்கிடலையே அண்ணாச்சி" என்றார் தங்கையா மாமா. "காய்க்கு என்ன தடை? எமிமா கொண்டாந்த பூசணிக்காய், அம்பது ரூவா. கேளுங்க."

சிரிப்பு எழுந்தது. ஐயர் சால்வையைச் சரிசெய்துகொண்டே வேறு பக்கம் பார்த்தார். எங்கள் ஐயருக்கு அவ்வளவுதான் முடியும். அன்று அதுவே பெரிய உபகாரமாக இருந்தது.

யாரோ நூறு என்றார்கள். அப்பா ஐநூறு என்றார். கேட்டுக்கு வெளியேயிருந்து ஒரு குரல் ஆயிரம் என்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"மாப்பிள்ள, உம்ம காய நீரே வாங்கவா சீவில்லிபுத்தூர்ல இருந்து வந்தீரு?" என்றார் தங்கையா மாமா.

"எங்க வீட்டுக் காய் கொறஞ்ச வெலைக்குப் போகக்கூடாதுல்லா மாமா" என்றார் அத்தான்.

அப்பா திரும்பாமலே, "ஆயிரத்தைநூறு." அத்தான், "ரெண்டாயிரம்." அம்மா அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். அப்பா உட்காரவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி, "விட்டுக்குடுத்திராதீக அண்ணே" என்று ஏற்றிவிட்டாள். எட்டு வருடமாக ஒரு வார்த்தை பேசாத மாமனாரும் மருமகனும் சபைக்கு நடுவே, பூசணிக்காயைச் சாக்கிட்டு மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அப்பா கேட்ட விலைக்கு மேல் அத்தான் கேட்கவில்லை. மூணு தரம் சொல்லி முடிந்தது.

ஏலம் எடுத்தவர், கொடுத்தவர் கையால்தான் வாங்க வேண்டும். கொடுத்தவர் வராவிட்டால் தங்கையா மாமாவே கொடுத்துவிடுவார். அன்று அவர் காயைக் கீழே வைத்துவிட்டு, "ஏட்டி எமிமா, எனக்கு முதுகு வலிக்கு, வந்து தூக்கிக் குடு" என்றார். அக்கா குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். காயைத் தூக்கி அப்பாவிடம் நீட்டினாள். வாங்கும்போது அப்பா கேட்டது, "சாப்ட்டியா?" அக்கா இல்லை என்று தலையாட்டினாள்.

தடை இன்னும் நீங்கவில்லை. விஷயம் கமிட்டியில் இருக்கிறதாம். இப்போது அக்கா மாதம் ஒரு தடவை கோயிலுக்கு வந்து கடைசிப் பெஞ்சில் உட்காருகிறாள். திருவிருந்து நேரத்தில் எல்லோரும் முன்னால் போய் முழங்காலிடும்போது அப்பாவும் போகாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறார் என்று அம்மா போனில் சொன்னாள். ஐயர் கூப்பிட்டுக் கேட்டாராம். "எனக்கு முழங்கால் வலி" என்றாராம் அப்பா. பொய்தான். கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டி என்னவென்று கேட்டான். அவனுக்கு விளக்க என் ஜெர்மன் போதவில்லை.

ஏலத்தன்று பணம் கட்டும்போது அப்பாவின் பையில் இரண்டாயிரம்தான் இருந்தது. நான் பர்ஸை எடுத்தேன். "நீ சும்மா இரு" என்று அப்பா தடுத்துவிட்டார். அத்தான் கேட்டைத் தாண்டி உள்ளே வந்து, மீதியை மேஜையில் வைத்தார். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. பண்டிகை விருந்தான அசனத்துக்குச் சமைக்கிற இடத்தில் அரிவாள் வாங்கிக் காயை இரண்டாகப் பிளந்தார்கள். ராஜபாளையத்துக்குப் பாதி, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பாதி. செவ்வாய்க்கிழமை இரண்டு வீட்டிலும் அதைச் சமைத்தபோது நான் இங்கே முதியோர் இல்லத்தில் காலை டூட்டியில் இருந்தேன்.

காய் ஒன்று, மூவாயிரத்து இருநூறு ரூபாய்.